பழைய இரும்பு சைக்கிளுக்கு மாற்று ஃபோர்க்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம், மீனாட்சிபுரம், கொழிஞ்சாம்பாறை வரைக்கும் பால் கேனும் தேங்காயும் சுமக்கிற பழைய 28 இஞ்ச் வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஃபிரேம் அப்படியே இருக்கும், முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் மட்டும் போய்விடும். அப்போது எல்லோரும் கேட்கிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை இங்கே போட்டிருக்கிறது. ஃபிரேமின் முன்னால் நிற்கும் குட்டைக் குழாய் 'ஹெட் பைப்'. கீழே 'தண்டு' என்றால் அதற்குள் போகும் ஃபோர்க்கின் குழாய். 'கால்' என்றால் சக்கரத்தின் இருபுறமும் இறங்கும் குழாய்கள். தண்டும் கால்களும் சேரும் இடம் 'தோள்'. ஹெட் பைப்பின் மேலும் கீழும் இறுகியிருக்கும் கிண்ணம் 'கப்', குண்டுகளை நடுவில் வைத்து அதோடு சேரும் தண்டின் வளையம் 'கோன்'.

முன்னாடி எங்கியோ வளைஞ்ச மாதிரி இருக்குதுங்க. ஃபோர்க்கா ஃபிரேமான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

வண்டியைச் சுவரில் சாய்த்து, ஹேண்டிலை நேராக வைத்து, பத்தடி தள்ளி நின்று பக்கவாட்டில் பாருங்கள். பழைய வண்டிகளில் காலின் மேல் பாதி ஹெட் பைப்பின் கோட்டிலேயே இறங்கும், கீழ் பாதிதான் முன்னால் வளையும். மேல் பாதியே பின்னால் சாய்ந்திருந்தால் ஃபோர்க் போயிற்று. ஒரு நூலை ஹெட் பைப்பின் நடுவில் பிடித்துக் கீழே இழுத்தால் அரை விரல் சாய்வுகூடத் தெரியும்.

அடுத்தது ஃபிரேம். ஹெட் பைப்பிலிருந்து பெடல் பக்கம் இறங்கும் குழாயின் அடிப்பாகத்தில், குழாய்கள் சேரும் மூட்டான லக்கிலிருந்து நாலு விரல் தூரத்துக்குள், கட்டை விரலால் தடவுங்கள். பெயின்ட் சுருங்கியோ வெடித்தோ இருந்தால், குழாய் சின்னதாக மடிந்த மாதிரி தட்டுப்பட்டால், ஃபிரேமும் அடி வாங்கியிருக்கிறது. அந்த வண்டிக்குப் புது ஃபோர்க் போடுவது வீண் செலவு.

கேஸ் வச்சு அடிச்சு நேராக்கிக்கலாமுங்களா?

கேஸ் வேண்டாம். கால் குழாய் மெல்லியது. சிவக்கக் காய்ச்சினால் அந்த இடம் பலம் குறைந்து மென்மையாகிவிடும், அடுத்த குழியில் அதே இடத்தில் மடியும். கால் மட்டும் சற்றே வளைந்து, சுருக்கமோ வெடிப்போ இல்லாமல் இருந்தால், சூடு காட்டாமல் நெம்பி நிமிர்த்தலாம். ஒரு முறைதான். இரண்டாம் முறை அதே இடத்தை வளைத்து நிமிர்த்தினால் இரும்பு களைத்துப் போகும்.

தண்டு வளைந்திருந்தால் நிமிர்த்தும் பேச்சே கிடையாது. தோளுக்குச் சற்று மேலேதான் மொத்தப் பளுவும் விழுகிறது. அங்கே உடைந்தால் முன் சக்கரம் தனியாகப் போகும், ஆள் முகம் குப்புற விழுவார். தண்டில் வெல்டிங் வைத்த ஃபோர்க்கை யார் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கடைக்காரர் "22 சைஸ் ஃபோர்க்"னு ஒண்ணு எடுத்துக் குடுக்கறாரு. அது போதாதா?

22, 24 என்பது ஃபிரேமின் உயரக் கணக்கு, இஞ்சில். அதைக் கேட்டால் தண்டு குட்டையா நெட்டையா என்பது தோராயமாகத் தெரியும், அவ்வளவுதான். 24 ஃபிரேமில் ஹெட் பைப் நீளம், அதனால் தண்டும் நீளம். ஒரே 22-லும் கம்பெனிக்குக் கம்பெனி ஹெட் பைப் கொஞ்சம் மாறும். மரை எத்தனை, கோன் உட்காரும் மேடை எவ்வளவு, கால் எவ்வளவு முன்னால் வளைகிறது என்பதெல்லாம் அந்த 22-க்குள் இல்லை.

அதனால் உடைந்த ஃபோர்க்கைத் தூக்கிப் போடாமல் கடைக்கு எடுத்துப் போங்கள். கூடவே ஹெட் பைப்பின் நீளத்தை ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

என்னென்ன அளவு எடுக்கோணும்? எதுல எடுக்கோணும்?

ஒரு வெர்னியர், ஒரு இரும்பு ஸ்கேல், ஒரு நூல் போதும். டெய்லர் டேப் வேண்டாம், இழுத்தால் நீளும்.

முதலில் தண்டின் வெளி விட்டம். இந்த வண்டிகளில் ஒரு இஞ்ச், அதாவது 25.4 மி.மீ. உள் விட்டம் 22.2 இருக்க வேண்டும், ஹேண்டில் தண்டு அந்த அளவில்தான் வரும். மலிவான ஃபோர்க்கில் குழாயின் உள்ளே வெல்டிங் மடிப்பு தூக்கிக்கொண்டிருக்கும். ஹேண்டிலை உள்ளே விட்டுப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். மடிப்பு லேசானது என்றால் அரைவட்ட அரத்தால் ராவிவிடலாம்.

இரண்டாவது தண்டின் நீளம். கோன் உட்காரும் மேடையிலிருந்து மேல் நுனி வரை அளக்க வேண்டும். மூன்றாவது, மேலிருந்து மரை எவ்வளவு தூரம் இறங்குகிறது. நான்காவது, கோன் மேடையின் விட்டம். ஐந்தாவது, அந்த மேடையிலிருந்து கால் நுனியில் ஆக்சில் உட்காரும் பிளவு வரைக்கும் உள்ள நேர் உயரம். ஆறாவது, கால் நுனிகளின் உட்பக்க இடைவெளியும் பிளவின் அகலமும்.

ஏழாவதை யாரும் எடுப்பதில்லை, பிறகு வருத்தப்படுவார்கள். தண்டின் நடுக்கோட்டை நூலால் கீழே நீட்டினால் ஆக்சில் அந்த நூலுக்கு எவ்வளவு முன்னால் நிற்கிறது என்ற அளவு அது. இதைக் கீழே 'முன்வளைவு' என்று சொல்லியிருக்கிறது. வளைந்த ஃபோர்க்கில் இது பொய் சொல்லும். அதே மாதிரி நல்ல வண்டி ஒன்று பக்கத்து வீட்டில் இருந்தால் அதில் அளந்துகொள்ளுங்கள்.

மரையில என்ன இருக்குது? எல்லாம் ஒரு இஞ்ச் தானே?

விட்டம் ஒன்றுதான், மரை ஒன்றல்ல. பெரும்பாலான ஃபோர்க்கில் இஞ்சுக்கு 24 மரை. இங்கிலாந்து நாட்டிங்ஹாமில் செய்த பழைய ராலே வண்டிகளில் 26. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே தெரியும். 26 மரை நட்டை 24 மரைத் தண்டில் ஏற்றினால் ஒன்று, ஒன்றரை சுற்று போய் இறுகும். 'பெயின்ட் அடைச்சிருக்குது' என்று நினைத்து ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால் நட்டும் போகும், தண்டின் மரையும் போகும்.

எண்ணிப் பார்ப்பது சுலபம். பென்சிலால் தண்டில் அரை இஞ்ச், அதாவது 12.7 மி.மீ. குறித்து, ஊசி நுனியால் பள்ளங்களை எண்ணுங்கள். 12 வந்தால் 24 மரை, 13 வந்தால் 26. இன்னொரு வழி, பழைய தண்டையும் புதுத் தண்டையும் மரையோடு மரை ஒட்ட வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பது. ஒரே மரையாக இருந்தால் பல்லுக்குள் பல் உட்கார்ந்து வெளிச்சம் தெரியாது.

எங்கீங்க கிடைக்கும்? எல்லாக் கடையிலயும் கியர் சைக்கிள் சாமான்தான் வெச்சிருக்கறாங்க.

ராடு பிரேக், அதாவது கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பியால் இழுக்கும் பிரேக் உள்ள வண்டிக்கான புது ஃபோர்க் இன்னும் லூதியானாவிலிருந்து வருகிறது. கண்ணாடி போட்ட ஷோரூமில் கேட்டால் இல்லை என்பார்கள். பஞ்சர் ஒட்டி, கம்பி கட்டி, வாடகை சைக்கிள் விட்ட பழைய கடைகளில் பரண் மேல் இரண்டு மூன்று கிடக்கும். சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். கம்பெனி பெயரில் பிடிவாதம் வேண்டாம். அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., ஃபிலிப்ஸ் பெயர்களில் வண்டி விட்டது. அட்லஸின் சாகிபாபாத் ஆலை 2020 ஜூனில் நின்றது. எந்தப் பெயர் வண்டியாக இருந்தாலும் அளவு பொருந்தும் ஃபோர்க் பொருந்தும்.

பழைய ஃபோர்க் தேடினால் கோவை உக்கடம் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளைப் பாருங்கள். எல்லை தாண்டிப் பாலக்காடு, சித்தூர் பக்கம் போனால் 'பழைய இரும்பு' என்று கேட்காமல் 'ஆக்ரிக்கடை' என்று கேளுங்கள், வழி காட்டுவார்கள். நாம் மரை என்பது அங்கே 'பிரி'. '24 பிரியா, 26 பிரியா சேட்டா' என்று கேட்டால், விஷயம் தெரிந்த ஆள் என்று உள்ளே கூப்பிட்டுக் குவியலைக் காட்டுவார்.

பழைய ஃபோர்க் வாங்கறப்ப எதைப் பார்க்கறது?

புதுப் பெயின்ட் அடித்திருந்தால் முதலில் சந்தேகப்படுங்கள். தோளுக்கும் தண்டுக்கும் நடுவில், கோன் மேடையை ஒட்டி, பெயின்டைச் சுரண்டிப் பாருங்கள். முடி போல ஒரு கோடு தெரிந்தால் வெடிப்பு. அதில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, மேலே சாக்பீஸ் பூசிக் கொஞ்ச நேரம் விட்டால், வெடிப்புக்குள் போன எண்ணெய் வெளியே கசிந்து கோடாக ஊறும்.

தண்டை ஜன்னல் கண்ணாடி மேல் வைத்து, தோள் ஓரத்துக்கு வெளியே நிற்கும்படி, மெதுவாகத் திருப்புங்கள். அடியில் வெளிச்சம் ஏறி இறங்கினால் வளைந்திருக்கிறது. பிறகு தண்டை அடிப்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கேரளப் பக்க மழையில் நனைந்த வண்டிகளில் மட்கார்டு தெறிக்கிற தண்ணீர் அடியிலிருந்து தண்டுக்குள் ஏறி, வெளியே பளபளப்பாகவும் உள்ளே பொருக்குத் துருவாகவும் இருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் பொருக்கு பொருக்காக உதிர்கிறதா, அந்த ஃபோர்க் வேண்டாம்.

கால்கள் நேரா என்று பார்க்க, கோணல் இல்லாத ஒரு சக்கரத்தை மாட்டுங்கள். சக்கரம் ஒரு பக்கம் ஒதுங்கி நின்றால், கழற்றி இடம் வலம் மாற்றி மாட்டுங்கள். மறுபடியும் அதே பக்கம் ஒதுங்கினால் குற்றம் ஃபோர்க்கில். பக்கம் மாறினால் குற்றம் சக்கரத்தில்.

தண்டு நெட்டையா இருந்தா அறுத்துக்கலாம். குட்டையா இருந்தா என்ன பண்றது?

நெட்டையாக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு அறுக்க முடியாது, அடுத்த கேள்வியைப் பாருங்கள். கணக்கு இதுதான்: ஹெட் பைப் நீளத்தோடு, மேலும் கீழும் கப், கோன், நட்டு எல்லாம் சேர்ந்து எடுக்கும் உயரத்தைக் கூட்டி, ஒன்றரை மி.மீ. கழிக்க வேண்டும். உதாரணமாக, ஹெட் பைப் 150, கப் செட் 34 என்றால் தண்டு 182.5. கழிக்கிற ஒன்றரை எதற்கென்றால், தண்டின் நுனி மேல் நட்டின் உதட்டில் முட்டினால் நட்டு இறுகிய மாதிரி தெரியும், உள்ளே கோன் ஆடிக்கொண்டிருக்கும். லைட் மாட்டும் தகடு நட்டுக்கு அடியில் வருகிற வண்டியில் அதன் தடிமனையும் கூட்ட வேண்டும். இரண்டு, இரண்டரை மி.மீ. தகட்டை மறந்துவிட்டு 'நட்டு ரெண்டு மரைதான் பிடிக்குது' என்று வருகிறவர்கள் நிறைய.

இரண்டு மூன்று மி.மீ. குட்டை என்றால் லைட் தகட்டை எடுத்துவிட்டுப் பாருங்கள், அல்லது உயரம் குறைந்த கப் செட் தேடுங்கள். மேல் நட்டின் மரை முழுவதும் தண்டைப் பிடிக்க வேண்டும். அதற்கு மேல் குட்டை என்றால் அந்த ஃபோர்க் உங்கள் வண்டிக்கானது அல்ல. துண்டு வைத்துப் பற்றவைத்து நீட்டித் தருகிறேன் என்பவர்களுக்கு இரண்டாம் கேள்வியின் பதில்தான்.

மரை பத்தலைன்னா கீழ வரைக்கும் போட்டுத் தர்றேன்னு லேத்துக்காரர் சொல்றாரு. போடலாமா?

ஒரு விரல்கடை அளவு போடலாம், இஷ்டத்துக்குப் போடக் கூடாது. தண்டின் வெளி விட்டம் 25.4, உள் விட்டம் 22.2 என்றால் சுவர் 1.6 மி.மீ.தான். 24 மரை வெட்டினால் அதில் ஏறக்குறைய 0.65 போய்விடும், பள்ளத்தில் மீதி ஒரு மி.மீ.கூட நிற்காது. ஹேண்டில் தண்டின் அடியில் உள்ள கூம்பு விரிந்து பிடிக்கிற இடம் இந்த மெலிந்த பகுதிக்குள் வந்தால், ஹேண்டிலை இறுக்க இறுக்கத் தண்டு உள்ளிருந்து விரியும், ஒரு நாள் மரைப் பள்ளத்தோடு வட்டமாக அறுந்துபோகும். கூம்பு மரைக்குக் கீழே வழவழப்பான பகுதியில் பிடிக்க வேண்டும். நெட்டைத் தண்டை அறுத்து மரையைக் கீழே நீட்டுவதிலும் இதே ஆபத்து உண்டு.

இந்தப் பக்கம் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. ஆனால் பம்பு செட் வேலை பார்க்கிற எல்லோரிடமும் ஒரு இஞ்ச் 24 மரை வெட்டும் டை இருக்காது. பைப் டை வைத்து வெட்டினால் மரையே வேறு. வெட்டுவதற்கு முன் உங்கள் நட்டைக் கொடுத்து, முதல் நாலு மரையில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

பழைய கப்பு, கோனையே புது ஃபோர்க்குக்குப் போட்டுக்கலாங்களா?

மேல் கோன் மரையில் ஏறுவது, மரை சரியென்றால் சரி. தகராறு கீழ்க் கோனில்தான். அது தோளின் மேல் மேடையில் அடித்து இறக்குகிற வளையம். மேடை விட்டம் சில ஃபோர்க்கில் 26.4, சிலவற்றில் 27.0 மி.மீ. இருக்கும். 26.4 கோனை 27 மேடையில் அடித்தால் கோன் வெடிக்கும். 27 கோனை 26.4 மேடையில் போட்டால் மோதிரம் போலக் கழன்று வரும். அதைச் சுற்றிலும் புள்ளிக் குத்து வைத்து இறுக்குகிறார்கள், கொஞ்ச நாள் தாங்கும். புது ஃபோர்க்குக்கு ஏற்ற கோனையே வாங்குவது உத்தமம், அதன் விலை ஒரு டீ வடைக் கணக்குத்தான்.

கப்பின் உள்ளே விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். குண்டு குண்டாகப் பள்ளம் தட்டுப்பட்டால் கப், கோன், குண்டு எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். குண்டு பெரும்பாலும் 5/32 இஞ்ச். பழையதில் ஒன்றைக் காகிதத்தில் மடித்துக் கடைக்கு எடுத்துப் போங்கள். கீழே ஒரு அளவு, மேலே ஒரு அளவு என்று கலந்து போட்ட வண்டிகளும் உண்டு, இரண்டையும் தனித்தனியாக மடியுங்கள்.

சக்கரம் உள்ள போகமாட்டேங்குது. ஆக்சில் பெருசா, ஃபோர்க் சின்னதா?

இரண்டும் தனித்தனிக் கேள்வி. பழைய ஆங்கில மாதிரி வண்டிகளின் முன் ஆக்சில் 5/16 இஞ்ச், ஏறக்குறைய 8 மி.மீ. புது வண்டிச் சக்கரங்களில் 9 அல்லது 9.5 வரும். பிளவு பத்தாவிட்டால் பிளவின் இரண்டு பக்கச் சுவரையும் சமமாக ராவுங்கள். மேல் முனையில் அரம் படக் கூடாது. ஒரு காலில் அரை மி.மீ. மேலே ஏறினாலும் சக்கரத்தின் தலை சாய்ந்துவிடும், பிரேக் கட்டை ஒரு பக்கம் மட்டும் உரசும்.

இடைவெளி வேறு கதை. புது ஹப்புகளுக்கு 100 மி.மீ. வேண்டும், பழைய ஃபோர்க் பலவற்றில் 90 சொச்சம்தான் இருக்கும். நாலைந்து மி.மீ. என்றால் கால்களை இரண்டு கையால் விரித்து மாட்டலாம். எட்டு, பத்து என்றால் ஒவ்வொரு காலையும் சரிபாதியாக விரித்து நிலைக்க வைத்து, நுனிகள் இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக நிற்கும்படி திருப்ப வேண்டும். திருப்பாமல் நட்டை முறுக்கினால் ஆக்சில் வளையும்.

28 இஞ்ச் சக்கரம். 26 ஃபோர்க்தான் கிடைச்சுது. சமாளிச்சுக்கலாமா?

28 × 1½ சக்கரத்தின் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 635 மி.மீ. 26 × 1⅜ சக்கரத்தில் 590. பாதிக் கணக்கில் 22.5 மி.மீ. வித்தியாசம். 28 சக்கரம் 26 ஃபோர்க்கின் தோளில் முட்டும். முட்டாமல் தப்பினாலும் மட்கார்டுக்கு இடம் இருக்காது. மழைக்காலத்தில் செம்மண் அடைத்து ஓடுகிற சக்கரம் நின்றுபோகும்.

சக்கரத்தையும் 26 ஆக்கிவிட்டால் ஓடும். ஆனால் முன்பக்கம் இறங்கி, ஹெட் பைப் ஒரு டிகிரிக்கு மேல் நிமிர்ந்து, ஓட்ட ஓட்ட முன்னால் சரிகிற மாதிரி இருக்கும். இன்னொரு குழப்பம்: கியர் சைக்கிளின் 26 சக்கரம் 559 மி.மீ. அதுவும் 26, இதுவும் 26, டயர் ஒன்றுக்கொன்று ஏறாது. டயர் ஓரத்தில் 40-635, 37-590 என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

ராடு பிரேக் வண்டிக்கு எந்த ஃபோர்க்கா இருந்தாலும் பரவாயில்லீங்களா?

பரவாயில்லாமல் இல்லை. ராடு பிரேக்கில் கட்டைகள் ரிம்மின் உள்பக்கத்தை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கின்றன. கட்டைகளைத் தாங்கும் வளைகம்பி நேராக ஏறி இறங்க இரண்டு காலிலும் வழிகாட்டிக் கிளிப் வேண்டும். காலின் பருமன் மாறினால் பழைய கிளிப் ஒன்று ஏறாது, இல்லை வழுக்கும். வழுக்கினால் அழுத்திப் பிடிக்கும்போது கட்டை ஸ்போக் கம்பிகளுக்குள் போய்ச் சக்கரத்தைப் பூட்டிவிடும். பழைய காலின் பருமனைக் கிளிப் இருந்த இடத்தில் அளந்துகொண்டு போங்கள்.

'கேபிள் பிரேக்குக்கு மாத்திக்கறேன்' என்றால் தோளின் நடுவில் துளை உள்ள ஃபோர்க் வேண்டும், ரிம்மையும் மாற்ற வேண்டும். ராடு பிரேக் ரிம்மின் பக்கச் சுவர் உருண்டை, அதில் கேபிள் பிரேக் கட்டைக்குப் பிடிமானமே இருக்காது. துளை இல்லாத தோளில் டிரில் போடுவது வேண்டாம்.

சஸ்பென்ஷன் ஃபோர்க் போட்டா குழியில குலுங்காதே?

அவற்றில் பெரும்பாலானவற்றின் தண்டு 28.6 மி.மீ., உங்கள் ஹெட் பைப்புக்குள் நுழையாது. ஒரு இஞ்ச் தண்டுள்ளது கிடைத்தாலும் ராடு பிரேக்குக்கு இடமில்லை, 28 சக்கரத்துக்கும் இடமில்லை. விட்டுவிடுங்கள்.

பால் கேன், இளநீர் கட்டற வண்டிக்குத் தனி ஃபோர்க் உண்டா?

உண்டு, கால் தடித்ததாக, தோள் கனமாக வரும். கையில் தூக்கிப் பார்த்தாலே எடை தெரியும். அத்தோடு ஆக்சிலிலிருந்து மேலே ஹேண்டில் வரை போகும் இரட்டைச் சப்போர்ட் கம்பியையும் போடுகிறார்கள். கம்பியின் மேல் முனை தளர்ந்திருந்தால் அது அலங்காரம்தான், சுமை முழுக்க ஃபோர்க்கிலேயே நிற்கும். கம்பியின் தகடு ஆக்சிலில் இரண்டு பக்கமும் இரண்டரை, மூன்று மி.மீ. சாப்பிடும். நட்டுக்கு வெளியே ஆக்சில் ஒரு மரையாவது எட்டிப் பார்க்காவிட்டால் நீளமான ஆக்சில் வாங்குங்கள்.

ஹேண்டிலில் இரண்டு பக்கமும் கேன் தொங்கவிடுகிறவர்கள் தோளை மாதம் ஒரு முறை துடைத்துப் பார்க்க வேண்டும். பின் கேரியரில் எவ்வளவு கட்டினாலும் ஃபோர்க் பொறுத்துக்கொள்ளும், ஹேண்டிலில் தொங்குகிற சுமைதான் அதைத் தின்கிறது.

நானே மாத்திக்கலாமா? வரிசையா சொல்லுங்க.

அரை நாள் வேலை. முதலில் முன் பிரேக்கின் ராடைக் கழற்றுங்கள், இதை மறந்துவிட்டு ஹேண்டிலைத் தூக்கினால் ராடு வளையும். சக்கரம், மட்கார்டு, வளைகம்பி கழன்ற பிறகு, ஹேண்டில் நடு போல்ட்டை நாலைந்து சுற்று தளர்த்தி, அதன் தலையில் மரக்கட்டை வைத்து ஒரு தட்டு. கூம்பு 'டொக்' என்று இறங்கும், ஹேண்டில் கழன்று வரும். வராவிட்டால் மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு ராத்திரி விடுங்கள். வண்டிக்கு அடியில் பழைய வேட்டியை விரித்துவிட்டு மேல் நட்டு, தகடு, மேல் கோன் என்று கழற்றுங்கள். கோன் கழன்றதும் குண்டுகள் கொட்டும்.

புதுத் தண்டில் கீழ்க் கோனை இறக்க, 27 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதல் உள் விட்டமுள்ள ஒரு குழாய்த் துண்டைத் தண்டின் மேல் கோர்த்து, அதன் தலையில் அடியுங்கள். உளியால் ஒரு பக்கமாகத் தட்டினால் கோன் சாயும். சத்தம் மாறும்: இறங்கும்போது மந்தமாகக் கேட்கும், உட்கார்ந்ததும் 'டங்' என்று கனக்கும். கப்பில் கிரீஸ் தாராளமாக அப்பி, குண்டுகளை வட்டம் நிறைய அடுக்கி, ஒன்றை எடுத்துவிடுங்கள். அந்த இடைவெளி இல்லாவிட்டால் குண்டுகள் ஒன்றையொன்று உரசும். தண்டை உள்ளே விட்டு, மேல் கோனைக் கையால் முட்டும் வரை திருகி, கால் சுற்று பின்னால் விட்டு, கோனைப் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். நட்டு இறுகும்போது கோனும் கொஞ்சம் அமுங்கும், அதற்குத்தான் அந்தக் கால் சுற்று.

ஹேண்டிலை மாட்டுவதற்கு முன் அதன் தண்டிலும் கிரீஸ் தடவுங்கள், மேலே சொன்ன மண்ணெண்ணெய் ராத்திரி அடுத்த முறை வேண்டியிருக்காது. குறைந்தது 65 மி.மீ. உள்ளே இருக்கட்டும். கடைசியாக, முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி, மேல் கோனில் விரல் வையுங்கள். 'டக்' என்றால் தளர்வு. முன்சக்கரத்தைத் தூக்கி வண்டியை லேசாகச் சாய்த்தால் ஹேண்டில் தானாக விழ வேண்டும். விழாவிட்டால் இறுக்கம்.

மாத்துன பின்னால ஹேண்டில் கனமா இருக்குது. திருப்பத்துல கால் விரல் மட்கார்டுல தட்டுது. ஏன்?

காரணம் ஏழாவது அளவு, அதாவது முன்வளைவு. தண்டின் கோட்டைத் தரை வரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் அது விழும். அந்த இடைவெளிதான் ஹேண்டிலை நேராக நிறுத்துகிறது. 28 சக்கரம், 68 டிகிரி சாய்ந்த ஹெட் பைப், 75 மி.மீ. முன்வளைவு என்றால் அந்த இடைவெளி 62 மி.மீ. சொச்சம். அதே வண்டியில் 45 முன்வளைவுள்ள இக்காலத்து ஃபோர்க்கைப் போட்டால் 95 ஆகிவிடும். மெதுவாகப் போகும்போது ஹேண்டில் ஒரு பக்கம் விழப் பார்க்கும், திருப்பக் கை வலிக்கும். சக்கரமும் 28 மி.மீ. அளவுக்குப் பின்னால் வந்துவிடுவதால்தான் கால் தட்டுகிறது. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு எதிரே மெதுவாக மிதிக்கும்போது இது நன்றாகவே தெரியும்.

காலை வளைத்துச் சரிசெய்யச் சொல்லாதீர்கள். முன்வளைவு கூடின ஃபோர்க்காக மாற்றுவதுதான் வழி. ஐந்து, பத்து மி.மீ. வித்தியாசம் என்றால் பழகிவிடும்.

புது கப்பு, புது குண்டு, எல்லாம் போட்டும் ஹேண்டில் நேரா வர்றப்ப ஒரு இடத்துல சிக்கி நிக்குது.

பழைய பள்ளம் விழுந்த கப்பில்தான் பொதுவாக இப்படி நிற்கும். புதியதிலும் நின்றால் மூன்று இடம் பாருங்கள். கீழ்க் கோன் முழுவதும் இறங்கவில்லை. அடியில் காகிதத் துண்டு நுழைகிறதா என்று சுற்றிலும் பாருங்கள். கப் ஹெட் பைப்பில் கோணலாக இறங்கியிருக்கிறது. அல்லது தண்டே சற்று வளைந்திருக்கிறது. கடைசியில் சொன்னதற்கு ஓர் அடையாளம் உண்டு: ஒரு பக்கம் திருப்பினால் இறுகும், மறுபக்கம் திருப்பினால் தளரும், எவ்வளவு சரிசெய்தாலும் இரண்டும் ஒத்து வராது.

என்னுது தாத்தா காலத்து ராலே. 26 மரை. அந்த ஃபோர்க் எங்கியும் கிடைக்கலை. வண்டியை விட்டர வேண்டியதுதானா?

வேண்டியதில்லை. அளவு ஒத்துவருகிற 24 மரை ஃபோர்க் ஒன்றைப் பிடித்து, மரையில் ஏறும் சாமான்களை, அதாவது மேல் கோனையும் நட்டையும், 24 மரையில் வாங்குங்கள். மேல் கோனின் வளைவும் உங்கள் பழைய கப்பின் வளைவும் ஒன்றாக இருக்காது. அதனால் கப்புகளையும் சேர்த்து முழு செட்டாக மாற்றினால் தொல்லை குறையும். வாங்குவதற்கு முன் பழைய கப்பைத் தட்டி எடுத்து, ஹெட் பைப்புக்குள் போகும் பகுதியை வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள். புது செட்டின் உயரம் பழையதைவிடக் கூடுதலாக இருந்தால் தண்டு நீளக் கணக்கை மறுபடியும் போடுங்கள்.

24 மரைத் தண்டின் மேல் 26 டையை ஓட்டி 'மாத்தித் தர்றேன்' என்பவரிடம் கொடுக்காதீர்கள். மரை மேல் மரை விழுந்து இரண்டும் அழியும். கழற்றிய 26 மரைக் கோனையும் நட்டையும் கடையில் விட்டுவிடாதீர்கள். எண்ணெய் தடவி, கம்பியில் கோத்து, '26 மரை' என்று சீட்டுக் கட்டி வீட்டில் வையுங்கள். அசல் ஃபோர்க் எந்த ஆக்ரிக்கடையிலாவது தட்டுப்பட்டால், மேலே போட அந்த நட்டுதான் வேண்டும்.